லுத்பியாவின் சீலிங்கில் காய்த்த கத்தரி

கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடிப் பல்கணியில் சவுந்தரநாயகம் விதைத்த கத்தரி, 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், இரண்டாம் மாடியில் லுத்பியா சமைக்கிற குசினியின் சீலிங்கில் தலைகீழாகக் காய்த்தது. முதல் பறிப்பில் நான்கு காய், ஊதா நிறம், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். அந்தக் கிழமை சந்தையில் கத்தரிக்காய் கிலோ நானூற்றைம்பது ரூபாய். மண்ணெண்ணெய் எந்த விலைக்கும் இல்லை. இந்த விவரங்களைத் தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் எழுதிவைக்கிறார். செயலாளர் வேறு யாருமில்லை, அதே சவுந்தரநாயகம்தான். 'நான்' என்று எழுதினால் இரண்டாவது வரியிலேயே தன் பக்க நியாயத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார் என்று மனைவி கொன்ஸ்ரன்ஸ் எச்சரித்ததால், தன்னை வேறொரு ஆளாக வைத்து எழுதுகிறார். அந்த வேறொரு ஆளை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

சவுந்தரநாயகம் துறைமுகத்தில் முப்பத்தியொரு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். கப்பலில் வந்து இறங்கிய வெங்காயம், பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாகப் பதிந்திருக்கிறாரே தவிர, மண்ணிலிருந்து ஒரு பச்சைமிளகாயாவது வெளியே வருவதை அவர் கண்ணால் கண்டதில்லை. அந்த வருடம் மே மாதத்தில் நாட்டில் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, வயல்களுக்குப் பசளை இல்லை. எல்லோரும் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெல்பேணில் இருக்கும் மகள் டிலக்ஷி, அம்மாவும் அப்பாவும் இனி அங்கே இருந்து கஷ்டப்படத் தேவையில்லை, பின்பக்கத்து அறையைப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறேன், வந்துவிடுங்கள் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போன் எடுத்துச் சொன்னாள். சவுந்தரநாயகம் ஒருமுறை மூன்று மாதம் மெல்பேணில் இருந்து பார்த்தவர். அங்கே அவர் காலையில் எழுந்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, யாராவது தன்னைக் காரில் எங்காவது கூட்டிப்போவார்கள் என்று சோபாவில் காத்திருந்தார். ஒருவருக்கும் அவருடைய ஆலோசனை தேவைப்படவில்லை. கொட்டாஞ்சேனையிலும் தேவைப்படவில்லைதான், ஆனால் இங்கே அவர் சொல்வதை நின்று கேட்டுவிட்டுப் போகிற அளவுக்காவது ஆட்கள் இருந்தார்கள். ஆகவே அவர் போனில், "நாங்கள் ஏன் வரவேணும்? எங்கட சாப்பாட்டை நானே விளைவிக்கிறன்" என்று சொன்னார். அதுவரை அப்படி ஒரு எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் வந்தது.

டிலக்ஷி வங்கியில் வேலை செய்பவள், வாய்ப் பேச்சை நம்பாதவள். "சரி அப்பா. நவம்பர் முடியிறதுக்குள்ள, ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காணுற மரக்கறியை எனக்கு வீடியோவில காட்டுங்கோ. காட்டாட்டி டிக்கெட் போடுவன், ரெண்டு பேரும் வரவேணும்" என்றாள். சவுந்தரநாயகம் ஓம் என்றார். பக்கத்தில் நின்ற கொன்ஸ்ரன்ஸ் போனை வாங்கக் கை நீட்டுவதற்குள் அவர் ஓம் என்றுவிட்டார். கொன்ஸ்ரன்ஸுக்கும் போக விருப்பமில்லை. கோயில் பாடகர் குழுவில் அவர் இருபது வருடமாக ஒரே கதிரையில் இருந்து பாடுகிறவர். அந்தப் பின்னேரம் அவர் தேத்தண்ணீரைத் தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்தார்.

தோட்டம் தொடங்கிய விதம் பின்வருமாறு. பழைய பெயின்ற் வாளிகள் பதினான்கு சேர்த்து அடியில் ஓட்டை போட்டார். மருதானை ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் கத்தரி, பயித்தங்காய், பாவல், வெண்டி விதைகள் வாங்கினார். மாட்டெரு மட்டக்குளியில் ஒரு தொழுவத்தில் கிடைத்தது. ஓடுகிற த்ரீவீலர் இல்லாததால் இரண்டு சொப்பிங் பையில் நிரப்பி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட், முன் சீட், பின் சீட் எல்லாம் காலியாயின. அந்த மாதம் கொழும்பில் கால் நீட்டி பஸ்ஸில் போன ஒரே ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். வீடியோவில் யாரோ சொன்னார்கள் என்று வீட்டிலிருந்த சர்க்கரை முழுவதையும் சாணியோடு கரைத்து ஒரு கிழமை மூடிவைத்தார். கொன்ஸ்ரன்ஸ் அந்தக் கிழமை பால் இல்லாத வெறுந்தேத்தண்ணீரை இனிப்பும் இல்லாமல் குடித்தார். மீன் கழுவின தண்ணீரை ஊற்றியதில் ஆறு பூனைகள் வந்து சேர்ந்தன, இரண்டு போகவில்லை. அரச ஊழியர்களுக்குத் தோட்டம் செய்யவென்று வெள்ளிக்கிழமை லீவு அறிவித்தபோது, ஓய்வுபெற்று நான்கு வருடமான சவுந்தரநாயகமும் வெள்ளிக்கிழமைகளில் லீவு எடுத்தார். எதிலிருந்து லீவு என்று கொன்ஸ்ரன்ஸ் கேட்டார்.

ஒன்றும் முளைக்கவில்லை. ஜூனில் முளைக்கவில்லை, ஜூலையில் முளைக்கவில்லை. வாளி மண்ணின் மேல் வெள்ளை மயிர் போல ஏதோ நீட்டிக்கொண்டு நின்றது. பூஞ்சணம் என்று முடிவுசெய்து சாம்பல் தூவினார், வேப்பெண்ணெய் தெளித்தார். அது வேர் என்பது அவருக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் வேர் மேலே நிற்காது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். தெரியாத ஆளென்றால் ஒருவேளை கண்டுபிடித்திருப்பார். இதற்கிடையில் சங்கத்தின் ஜூலைக் கூட்டத்தில் 'வீட்டில் சேதன விவசாயம்: எனது அனுபவங்கள்' என்ற தலைப்பில், இரசாயனம் இல்லாமல் பயிர் செய்வது பற்றி நாற்பது நிமிடம் உரையாற்றினார். தலைப்பைப் போட்டதும் அவர், உரையைப் பாராட்டித் தீர்மானம் எழுதியதும் அவர்.

இனி லுத்பியாவின் வீட்டுக்கு வரவேண்டும். மூன்றாம் மாடிப் பல்கணிக்கு நேர் கீழே, அதே அளவுப் பல்கணியைச் சுவர் வைத்து அடைத்து, லுத்பியாவும் கணவர் நிலாமும் குசினியைப் பெருப்பித்திருந்தார்கள். 2019இல் அந்தக் குசினியின் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சொட்டிய இடம் சரியாக அடுப்புக்கு மேலே. மேல்வீட்டுப் பல்கணியில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஓடும் நாட்களில் மட்டும் சொட்டும். நிலாம் சங்கத்தில் முறைப்பாடு செய்தார். செயலாளர் சவுந்தரநாயகம் தன் மெஷினைத் தானே பரிசோதித்துவிட்டு, 'கடற்காற்றின் ஈரப்பதத்தால் ஏற்பட்ட கசிவு' என்று கூட்ட அறிக்கையில் எழுதினார். கடற்காற்றுக்குச் சவர்க்காரத் தூள் மணம் எப்படி வந்தது என்று நிலாம் கேட்டார். செயலாளர் அந்தக் கேள்வியை அறிக்கையில் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு ஆண்களுக்கும் பேச்சில்லை. இரண்டாம் மாடியில் கால் வைப்பதில்லை என்று சவுந்தரநாயகம் சபதம் செய்திருந்தார். பெண்கள் இருவரும் நத்தாருக்குக் கேக்கும் பெருநாளைக்கு வட்டிலாப்பமும் மாற்றிக்கொண்டு வழமைபோல இருந்தார்கள்.

2022 ஜூலையில் அந்தக் கசிவு தானாக நின்றது. வெடிப்பில் பச்சையாக ஏதோ தெரிந்தது, பாசி என்று லுத்பியா நினைத்தார். இரண்டு கிழமையில் அது இலையாயிற்று. கொடிகள் சீலிங்கிலிருந்து ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து தொங்கின. கத்தரி தரையைப் பார்த்துப் பூத்தது. மேலே வாளிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கீழே ஒரு துளி விழவில்லை, எல்லாவற்றையும் செடி குடித்துக்கொண்டது. நிலாம் வேலைசெய்த புறக்கோட்டைப் புடவைக்கடை ஜூனில் பூட்டப்பட்டிருந்தது. வீட்டில் படிக்கிற பெண்பிள்ளைகள் இரண்டு பேர். அந்த வீட்டில் பருப்பும் சோறும் மட்டும் சாப்பிட்டு எட்டு நாளான ஒரு காலையில் நான்கு கத்தரிக்காய் தலைக்கு மேலே தொங்கின. லுத்பியா மூன்று நாள் அவற்றைத் தொடவில்லை. நான்காம் நாள் கதிரையில் ஏறிப் பறித்து, இரண்டை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி, மேலே கொன்ஸ்ரன்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"நட்டவருக்குப் பாதி போகாம எங்களுக்குத் தொண்டையில எறங்காது அன்ட்டி" என்றார். "ஆனா அங்கிளுக்குச் சொல்லிட வாணாம். அவர் தோண்டிப் பார்க்கப் போவாரு."

கொன்ஸ்ரன்ஸ் கீழே போய்ச் சீலிங்கைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாவற்கொடிக்கு ஒரு கயிறு கட்டினால் நல்லது என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் பாதி மேலே வந்தது. சவுந்தரநாயகம் அதைச் சாப்பிட்டார். சந்தைக் கத்தரிக்காய் என்று நினைத்துக்கொண்டு, "பாரும், இரசாயனப் பசளை போட்டது. நாக்கில பிடிக்குது. என்ர காய்க்கட்டும், அப்ப தெரியும் ருசி எண்டால் என்ன எண்டு" என்று சொன்னபடி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். கொன்ஸ்ரன்ஸ் அவரிடம் மறைத்தார் என்று சொல்ல முடியாது. ஒருக்கால் கீழே போய்ப் பாருங்கோ என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் கணவர் தன் சபதத்தை நினைவூட்டினார்.

செப்டெம்பரில் தொடர்மாடிக்காரரின் வட்சப் குழுவில் சவுந்தரநாயகம் தன் விளைச்சலின் படங்களைப் போடத் தொடங்கினார். சந்தையில் வாங்கிய கத்தரிக்காயைக் குரோட்டன் செடியில் கறுப்பு நூலால் கட்டி எடுத்த படங்கள். நிலாம் தன் குசினியில், நிஜக் கத்தரிக்குக் கீழே இருந்து அவற்றைப் பார்த்தார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெருவிரல் போட்டார். "அவனுக்கு எரிச்சல்" என்று சவுந்தரநாயகம் மனைவியிடம் சொன்னார்.

நவம்பர் இருபதாம் திகதி டிலக்ஷி வீடியோவில் வந்தாள். சவுந்தரநாயகம் காலையிலிருந்து நூல் கட்டித் தயாராக இருந்தார். போனைச் செடிக்குக் கிட்டப் பிடித்து மெதுவாக நகர்த்தினார். மகள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அப்பா, கத்தரிக்காயில ஏன் விலை ஒட்டியிருக்கு?"

அன்று சந்தைக்குப் போக நேரமில்லாமல் சுப்பர்மார்க்கெட்டில் வாங்கியிருந்தார். அவர் ஸ்டிக்கரை விரலால் மறைத்தார். மறைத்ததையும் மகள் பார்த்தாள். அவள் சிரித்திருந்தால் பரவாயில்லை, சிரிக்கவில்லை. "டிசம்பர் பதினைஞ்சுக்கு டிக்கெட் போடுறன் அப்பா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கொன்ஸ்ரன்ஸ் உள்ளே போய், கோயிலுக்கு உடுக்கிற சேலைகளை அலுமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தார். பிறகு அதே சேலைகளைத் திருப்பி அலுமாரியில் வைத்தார். சவுந்தரநாயகம் வாசலில் நின்று அதைப் பார்த்தார். நாற்பது வருடத்தில் மனைவி இப்படிச் செய்து அவர் கண்டதில்லை. அன்றைக்கு அவர் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிடவில்லை, இரசாயனம் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை வாளிகளை அப்புறப்படுத்தத் தொடங்கினார். முதல் வாளி அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. தரையோடு ஒட்டிப்போயிருந்தன. மூன்றாவது வாளியை இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் காலைக் கொடுத்து இழுத்தார். வாளி கொஞ்சம் மேலே வந்து, யாரோ கீழே பிடித்து இழுப்பது போலத் திரும்பவும் இருந்தது. இன்னொரு முறை இழுத்தார். படிக்கட்டில் ஓடிவரும் சத்தம் கேட்டது. முக்காட்டைச் சரிசெய்தபடி லுத்பியா வாசலில் நின்றார். கையில் அகப்பை இருந்தது.

"அங்கிள், இழுக்க வாணாம். கீழ பயித்தங்காய்ப் பூவெல்லாம் கொட்டுது."

"என்ன பயித்தங்காய்?"

"ஒங்கடதுதான். வந்து பாருங்களே."

சவுந்தரநாயகம் கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார். "நான் மூண்டு தரம் சொன்னனான்" என்றார் கொன்ஸ்ரன்ஸ். சபதத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் அந்தப் பதினெட்டுப் படியையும் இறங்கி இரண்டாம் மாடிக் குசினிக்குள் போனார்.

சீலிங் முழுக்கப் பச்சை. பதினான்கு வாளிக்குப் பதினான்கு செடி, அவர் மேலே வைத்த அதே வரிசையில். பயித்தங்காய்கள் மழைக்கம்பி போல நேராகத் தொங்கின. பாவற்கொடி கொன்ஸ்ரன்ஸ் கட்டிய கயிற்றைப் பிடித்து ஜன்னல்வரை போயிருந்தது. மீன்தண்ணீர் அதிகம் ஊற்றிய வாளிக்குக் கீழே கத்தரி நன்றாகவும், சர்க்கரை ஊற்றிய வாளிக்குக் கீழே கொஞ்சம் சோம்பலாகவும் இருந்ததை அவர் கவனித்தார். மேசையில் நிலாம் இருந்து பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. லுத்பியா ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். சவுந்தரநாயகம் அதில் அமரவில்லை. ஒரு கத்தரிக்காயின் அடியைத் தொட்டுப் பார்த்தார். நூல் இல்லை.

"இதெல்லாம் என்ர" என்றார்.

நிலாம் முறித்த துண்டுகளைச் சட்டியில் போட்டார். "ஓம். காய் ஒங்கடதுதான் அங்கிள். நாங்க இல்லையெண்டு சொல்லல்ல, பாதி மேல வந்துதான் ஈக்கி. ஆனா காய் ஒங்கட எண்டா, மூணு வருஷமா எங்கட அடுப்புல விழுந்த தண்ணியும் ஒங்கடதான்."

சவுந்தரநாயகம் வாயைத் திறந்தார். கடற்காற்று என்ற சொல் நாக்குவரை வந்தது. அந்தச் சொல்லோடு போனால் இந்தச் செடிகளும் கடற்காற்றில் வந்தவையாகிவிடும், பதினைந்தாம் திகதி பிளேனில் ஏறவேண்டியதுதான் என்பது அவருக்கு விளங்கியது. ஆனால் அவர் வாயை மூடியதற்கு அது மட்டும் காரணமில்லை. அடுப்புக்கு மேலே, செடிகளுக்கு நடுவில், பழைய கசிவின் மஞ்சள் கறை ஒரு பாய் அகலத்துக்கு இருந்தது. மூன்று வருடமாக லுத்பியா அதற்குக் கீழேதான் சமைத்திருக்கிறார். அதை அவர் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை; பார்க்காமலே எழுதியவர்.

"என்ர தண்ணிதான்" என்றார்.

"அத சங்கத்துல சொல்லுங்க" என்றார் நிலாம். "எழுதினது அங்கதானே."

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு கூடிய விசேட கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். செயலாளர் எழுந்து நின்று, 2019இல் இரண்டாம் மாடியில் ஏற்பட்ட கசிவு தன்னுடைய உடுப்புத் தோய்க்கிற மெஷினின் தண்ணீர் என்றும், கடற்காற்றுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும், அப்போதே அது தனக்குத் தெரியும் என்றும் வாசித்தார். கடைசிப் பகுதி எழுதியதில் இருக்கவில்லை, வாசிக்கும்போது வந்துவிட்டது. இப்போது ஏன் இதைத் திருத்துகிறீர்கள் என்று முதலாம் மாடிப் பாக்கியலெட்சுமி ரீச்சர் கேட்டார். கத்தரிக்காய் கீழ்வீட்டுச் சீலிங்கில் காய்த்திருக்கிறது, அதனால் என்று செயலாளர் விளக்கினார். அது நியாயமான காரணம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். தன் வீட்டுச் சீலிங்குக்கும் பூசணி கிடைக்க வழி உண்டா என்று ரீச்சர் கேட்டது மட்டும் தீர்மானமாகவில்லை.

அன்று பின்னேரமே லுத்பியாவின் குசினியிலிருந்து டிலக்ஷிக்கு வீடியோ எடுத்தார்கள். "அப்பா, போனைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறீங்கள்" என்றாள். சவுந்தரநாயகம் விளக்கம் சொல்லத் தொடங்க, கொன்ஸ்ரன்ஸ் போனை வாங்கித் திருப்பிப் பிடித்தார். இப்போது செடிகள் மண்ணிலிருந்து எழுவது போல ஒழுங்காக நின்றன. ஒவ்வொரு காயையும் கிட்டக் காட்டச் சொல்லி, ஸ்டிக்கர் தேடிப் பார்த்தாள் மகள்.

"லுத்பியா அன்ட்டி ஏன் மேல நிக்கிறா?"

"அது அவவின்ர குசினி. அவ விரும்பின இடத்தில நிப்பா" என்றார் சவுந்தரநாயகம்.

டிலக்ஷி கொஞ்சம் யோசித்தாள். "சரி, ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காணுமா இது?"

லுத்பியா முந்திக்கொண்டார். "ஓகஸ்ட்லேருந்து ரெண்டு வீட்டுக்கும் காணுது மகள்."

டிக்கெட் போடப்படவில்லை. கொன்ஸ்ரன்ஸ் நத்தார்ப் பூசையில் தன் கதிரையில் இருந்து பாடினார். அடுத்த வருடம் புறக்கோட்டையில் வேறொரு கடையில் நிலாமுக்கு வேலை கிடைத்தது. மரக்கறி விலை இறங்கியது, பிறகு ஏறியது, பிறகும் இறங்கியது. செடிகள் அதைக் கவனிக்காமல் காய்த்தன. விவசாயத் திணைக்களத்திலிருந்து வந்த ஒருவர் படிவத்தில் தோட்டத்தின் முகவரி எந்த மாடி என்று கேட்டு, பதிலைக் கேட்டபின் இரண்டையும் எழுதினார். சவுந்தரநாயகம் இன்னொரு உரைக்குத் தலைப்பு வைத்திருந்தார். கூட்டத்தில் நேரம் ஒதுக்கப்படவில்லை.

2025இல் அவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன் நடந்தது. ஆறு கிழமைக்கு வாளி தூக்கக் கூடாது என்றார்கள். கொன்ஸ்ரன்ஸ் ஊற்றுகிறேன் என்றபோது நிலாம் விடவில்லை, வேலைக்குப் போக முதல் தானே வருவதாகச் சொன்னார். முதல் நாள் காலை மேலே வந்து, பல்கணியில் தண்ணீர் வாளியோடு நின்றார். அவர் அந்தத் தோட்டத்தை மேலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. பதினான்கு பெயின்ற் வாளி, பதினான்கிலும் வெறும் மண். இரண்டு பூனைகள் அவரைப் பார்த்தன.

"அங்கிள், இங்க நிண்டா ஒண்டுமே தெரியல்லயே."

"தெரியாது" என்றார் சவுந்தரநாயகம், காலை நீட்டியபடி கதிரையிலிருந்து.

"கீழ காய்ச்சது தெரிய முந்தி, ஆறு மாசம் டெய்லி இந்த வெறும் மண்ணுக்கா தண்ணி ஊத்தினீங்க?"

"ஓம்."

"எப்பிடி ஏலுமாச்சி?"

பொறுமையைப் பற்றியும் மண்ணின்மேல் மனிதன் வைக்கவேண்டிய நம்பிக்கையைப் பற்றியும் ஒரு நல்ல பதில் சவுந்தரநாயகத்திடம் தயாராக இருந்தது. இரண்டாவது உரைக்கென்று எழுதிவைத்தது. ஆனால் தேத்தண்ணீரோடு கொன்ஸ்ரன்ஸ் கதவடியில் நின்றார்.

"நிப்பாட்ட வெட்கமாயிருந்தது தம்பி" என்றார் சவுந்தரநாயகம். "முழு பில்டிங்குக்கும் சொல்லிப்போட்டன்."

நிலாம் தலையாட்டினார். அவருக்கு அது விளங்கியது. தண்ணீர் வாளியைச் சரித்து, முதல் பெயின்ற் வாளியிலிருந்து பதினான்காவதுவரை, ஒன்றையும் விடாமல் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. கீழே குசினியில் ஒரு பயித்தங்காய் இன்னும் இரண்டு அங்குலம் நீண்டது. லுத்பியா தலையைக் கொஞ்சம் குனிந்து அதற்குக் கீழால் போய், அடுப்பைப் பற்றவைத்தார்.